நேர் தெற்கே போனால் பென்குயின்!

இந்த மாதச் சுவரேட்டில் அறிவியல் பகுதியை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு: பென்குயின்.

"ஏட்டி, தென்காசிக்கும் பென்குயினுக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ப் பக்கம் பென்குயின் என்றால், பூங்காவில் வாயைத் திறந்துகொண்டு நிற்குமே குப்பைத்தொட்டி, அதுதான். இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் படம். ஆனாலும் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்கேல் வைத்துப் பார்த்தால்...

புவியியல் அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி சுமார் 77 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அங்கே ஸ்கேலை வைத்து நேர் தெற்கே ஒரு கோடு போடுங்கள். பாபநாசம் மலையைத் தாண்டி, நாகர்கோவில் பக்கம் கோடு கடலில் இறங்கும். அப்புறம் எல்லாம் தண்ணீர்தான். இலங்கை கிழக்கே போய்விடும், மாலத்தீவு மேற்கே போய்விடும். நிலநடுக்கோட்டையும் தாண்டி, சுமார் 5,000 கிலோமீட்டர் போன பிறகுதான் கோட்டை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி வரும். அதன் பெயர் ஆம்ஸ்டர்டாம் தீவு. பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமானது. ஊர் கிடையாது, ஆராய்ச்சி நிலையம் மட்டும்தான் உண்டு.

அந்தத் தீவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகளில் ஒன்று வடக்கு ராக்ஹாப்பர் பென்குயின். சிவப்புக் கண், தலையில் மஞ்சள் கொண்டை. பாறைக்குப் பாறை இரண்டு காலாலும் சேர்த்துத் தாவுவதால் இந்தப் பெயர். அதாவது நம்ம ஊரிலிருந்து நேர் தெற்கே போனால் கிட்டத்தட்ட முதலில் வரும் நிலத்திலேயே பென்குயின்!

கோட்டை நிறுத்தாமல் இன்னும் போங்கள். கொஞ்சம் மேற்கே கெர்குலன் தீவுகள் வரும். அங்கே கிங் பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் கூட்டம் போடும். கடைசியில் அண்டார்டிகா. கரையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, 76 டிகிரி கிழக்கில், நம் இந்தியாவின் 'பாரதி' ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2012இல் தொடங்கியது. அந்தப் பகுதிக் கடற்கரையில் அடேலி, எம்பரர் என்ற இரண்டு பென்குயின்களும் வாழ்கின்றன.

ஒரே கோட்டில் நாலு வகை பார்த்துவிட்டோம். மொத்தம் எத்தனை?

பென்குயின் வீட்டு ரேஷன் கார்டு

பொதுவாக 18 இனங்கள் என்று சொல்கிறார்கள். சில அறிவியலாளர்கள் ஒன்றிரண்டைச் சேர்த்தோ பிரித்தோ எண்ணுவதால் புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை கொஞ்சம் மாறும். இந்த 18உம் ஆறு குடும்பம் மாதிரி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆள் கணக்கும் முகவரியும் எழுதுகிறேன்.

1. பெரிய உருவக் குடும்பம் (2 பேர்): எம்பரர், கிங். எம்பரர்தான் எல்லாவற்றிலும் பெரிது. நின்றால் ஒரு மீட்டருக்கு மேல், எடை 40 கிலோ வரை வரும். அண்டார்டிகாவில் மட்டும் வாழும். கிங் அதைவிடக் கொஞ்சம் சிறியது. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தீவுகளில் வாழும்.

2. தூரிகை வால் குடும்பம் (3 பேர்): அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ. அடேலி என்பது ஒரு பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் மனைவி பெயர். சின்ஸ்ட்ராப்புக்குத் தாடைக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு, ஹெல்மெட் வார் போட்ட மாதிரி. ஜென்டூதான் நீச்சலில் முதல் பரிசு. மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வேகம். நம்ம டவுன் பஸ்ஸோடு போட்டி போடலாம்!

3. கொண்டைக் குடும்பம் (7 பேர்): ராக்ஹாப்பரில் இரண்டு, மக்கரோனி, ராயல், பியோர்ட்லாந்து, ஸ்நேர்ஸ், நிமிர்கொண்டை. தென்கடல் தீவுகளிலும் நியூசிலாந்துப் பக்கமும் வாழும். இதில் பியோர்ட்லாந்து பென்குயின் மழைக்காட்டுக்குள் மர வேருக்கு அடியில் கூடு வைக்கிறது. நம்ம குற்றால மலைக்காட்டைப் போல ஈரமும் பாசியும் பெரணிச் செடியுமாக இருக்கிற காட்டுக்குள் பென்குயின் நடந்து போவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

4. மஞ்சள் கண் பென்குயின் (1): நியூசிலாந்து. கூட்டம் பிடிக்காது. புதருக்குள் தனித்தனியாகக் கூடு வைக்கும்.

5. குட்டிப் பென்குயின் (1): ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரை, நியூசிலாந்து. ஓர் அடி உயரம்தான், எடை சுமார் ஒரு கிலோ. மெல்போர்ன் நகருக்குப் பக்கத்தில் பிலிப் தீவில் தினமும் பொழுது சாய்ந்ததும் கடலிலிருந்து வரிசையாகக் கரையேறி வீட்டுக்குப் போகும். அதைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

6. பட்டை போட்ட குடும்பம் (4 பேர்): ஆப்பிரிக்கப் பென்குயின், ஹம்போல்ட், மகெல்லன், கலபகோஸ். நெஞ்சில் கறுப்புப் பட்டை இருக்கும். இந்தக் குடும்பம்தான் நம் கட்டுரையின் கதாநாயகர்கள். ஏனென்றால் இவர்களில் யாரும் பனிக்கட்டி மேல் வாழ்வதில்லை!

சரி, அப்போ பனி?

"பென்குயின் எங்கே வாழும்?" என்று கேட்டால் எல்லோரும் "பனியில்" என்றுதான் சொல்லுவோம். உண்மையில் முழுக்க முழுக்கப் பனிக்கண்டத்தையே நம்பி வாழ்பவை எம்பரரும் அடேலியும்தான். சின்ஸ்ட்ராப், ஜென்டூ ஆகியவை அண்டார்டிகாவின் ஓரத்திலும் தீவுகளிலும் உண்டு. மற்ற பெரும்பாலானவை பாறை, மணல், புல், புதர், காடு என்று வாழ்கின்றன.

பட்டைக் குடும்பத்தைப் பாருங்கள். ஹம்போல்ட் பென்குயின் பெரு, சிலி நாட்டுக் கடற்கரையில் வாழ்கிறது. அந்தக் கரையை ஒட்டி உலகிலேயே மிகவும் வறண்ட அட்டகாமா பாலைவனம். ஆப்பிரிக்கப் பென்குயின் நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வெயில் காயும் மணலில் நிற்கிறது. கலபகோஸ் பென்குயின் இன்னும் ஆச்சரியம். அது நிலநடுக்கோட்டின் மேலேயே வாழ்கிறது. தென்காசி 9 டிகிரி வடக்கு; கலபகோஸ் தீவுகள் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி. கணக்குப்படி பார்த்தால் நம்மைவிட அதுதான் சூடான இடத்தில் இருக்க வேண்டும்!

அப்படியானால் கன்னியாகுமரியில் ஏன் பென்குயின் இல்லை? இந்த இடத்தில்தான் நம்ம ஊர்ச் சாரல் உதவிக்கு வருகிறது.

கடலுக்குள் ஒரு சாரல்

ஜூன், ஜூலையில் திருநெல்வேலிக்குக் கிழக்கே போனால் வெயிலும் புழுதிக் காற்றும். அதே நாளில் குற்றாலத்தில் சாரல். இரண்டுக்கும் தூரம் எவ்வளவு? பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையில் ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் இருக்கும் கணவாய் வழியாக மிச்ச ஈரத்தோடு நம்ம பக்கம் நுழைகிறது. அதனால்தான் நமக்குச் சாரலும் சீசனும். ஓர் ஊர் சூடா குளுமையா என்பதை அட்சரேகை மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த ஊருக்கு எது வந்து சேருகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

கடலிலும் இதே கதைதான். காற்றுக்குப் பதில் நீரோட்டம். தென்துருவப் பக்கமிருந்து குளிர்ந்த நீரை வடக்கே கொண்டுவரும் ஹம்போல்ட் நீரோட்டம் சிலி, பெரு கரையை உரசிப் போகிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பெங்குவேலா நீரோட்டம். கலபகோஸில் மேற்கிலிருந்து கடலுக்கு அடியில் வரும் குரோம்வெல் நீரோட்டம் தீவில் முட்டி மேலே எழும்புகிறது. அதனால்தான் அந்தப் பென்குயின்களில் பெரும்பாலானவை மேற்கே உள்ள இசபெலா, பெர்னாண்டினா தீவுகளில் வாழ்கின்றன.

குளுமை மட்டும் இல்லை. கடலின் அடியிலிருந்து மேலே வரும் தண்ணீரில் உரச்சத்து அதிகம். வயலுக்கு உரம் போட்ட மாதிரி, அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்ப் பாசி வளரும். பாசியைத் தின்ன மிதவை உயிர்கள் வரும், அவற்றைத் தின்னச் சாளையும் நெத்திலியும் வரும், அதைத் தின்னப் பென்குயின் வரும். ஆமாம், நம்ம வீட்டுக் குழம்புக்கு வருகிற அதே சாளை, நெத்திலி வகை மீன்தான்!

ஆகவே பென்குயினின் முகவரி பனி இல்லை. குளிர்ந்த, மீன் நிறைந்த நீரோட்டம்தான் அதன் முகவரி. நம்ம பக்கத்துக் கடல் வெதுவெதுப்பானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சூடான கடல் ஒரு மதில்சுவர் போல நின்று பென்குயினை வடக்கே வரவிடுவதில்லை. வடதுருவத்துப் பனிக்கரடியும் பென்குயினும் கார்ட்டூனில் மட்டுமே சந்திப்பதற்கும் இதுதான் காரணம்.

குளிர் கூடினால் ஆளும் பெரிது

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? அதிகக் குளிரில் வாழும் எம்பரர் 40 கிலோ வரை. நடுக்கோட்டில் வாழும் கலபகோஸ் இரண்டு கிலோ சொச்சம். இதற்கும் காரணம் உண்டு. கல்யாண வீட்டில் அண்டா நிறைய வெந்நீர் வைத்தால் ரொம்ப நேரம் சூடு இருக்கும். அதே வெந்நீரைத் தம்ளரில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். உருவம் பெரிதாக ஆக, எடைக்குத் தகுந்த மேற்பரப்பு குறையும். வெப்பம் வெளியேறுவதும் குறையும். குளிர் நாட்டில் அண்டா மாதிரி உடம்பு நல்லது, வெயில் நாட்டில் தம்ளர் மாதிரி உடம்பு நல்லது. ஆப்பிரிக்கப் பென்குயினுக்குக் கண்ணுக்கு மேலே இறகில்லாத ரோஸ் நிறத் தோல் உண்டு. சூடு கூடினால் அந்த இடத்தில் இரத்தம் அதிகம் ஓடி வெப்பத்தை வெளியே விடும்.

உங்களுக்குத் தெரியுமா?

* இலஞ்சி, மேலகரம் பக்கத்துக் குளங்களில் கறுப்பாக முங்கி முங்கி மீன் பிடிக்குமே நீர்க்காகம், அதுவும் பென்குயினும் ஒரே தொழில் செய்பவை. ஆனால் நீர்க்காகம் காலால் உந்தி நீந்தும், பென்குயின் சிறகால் நீந்தும். நீர்க்காகத்தின் இறகு நனையும். அதனால்தான் கட்டையில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கிறது. பென்குயினின் இறகு ஓடு அடுக்கிய மாதிரி நெருக்கமானது, உள்ளே தண்ணீர் போகாது.

* எம்பரரில் முட்டையை அடைகாப்பது அப்பா. சுமார் 65 நாள், துருவக் குளிர்காலத்தில், காலின் மேல் முட்டையை வைத்து, சாப்பிடாமல் நிற்கும்.

* ஆப்பிரிக்கப் பென்குயின் கத்தினால் கழுதை கத்துவது போலவே இருக்கும். அதற்குக் கழுதைப் பென்குயின் என்றே ஒரு பெயர் உண்டு.

இந்தியாவுக்கு வந்த பென்குயின்கள்

2016 ஜூலையில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து 8 ஹம்போல்ட் பென்குயின்களை மும்பை பைகுல்லா மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அக்டோபரிலேயே ஒன்று நோயால் இறந்தது. "நம் ஊருக்கு இது தேவையா?" என்று எதிர்ப்பு எழுந்தது. 2017 மார்ச்சில் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். 2018 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று ஒரு குஞ்சு பொரித்தது. இந்தியாவில் பிறந்த முதல் பென்குயின் என்று நாடே கொண்டாடியது. ஒரே வாரத்தில் அது இறந்துவிட்டது. பிறகு 2021இல் பிறந்த குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன.

அங்கே கூடத்தை 16 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டி வைக்கிறார்கள். தண்ணீரையும் குளிர வைக்க வேண்டும், மீனும் தினமும் கொடுக்க வேண்டும். பறவையைக் கூண்டில் ஏற்றி விமானத்தில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அதற்குக் குளுமையும் சாப்பாடும் கொடுத்த நீரோட்டத்தைக் கொண்டுவர முடியாது. அதற்குப் பதிலாகத்தான் மிஷின் ஓடுகிறது. பார்க்கப் போகும் குழந்தைகளுக்கு மகிழ்ச்சிதான், நானும் வாய்ப்புக் கிடைத்தால் பார்ப்பேன். ஆனால் பென்குயினைக் காப்பாற்றுவது என்றால் அதன் கடலைக் காப்பாற்றுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சீசன் பொய்த்தால்...

குற்றாலத்தில் ஒரு வருஷம் சாரல் பொய்த்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அருவியில் தண்ணீர் இருக்காது. பழக்கடை, சிப்ஸ் கடை, எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், ஆட்டோ, லாட்ஜ் எல்லாருக்கும் வருமானம் போச்சு. நம் வகுப்பிலேயே சீசன் வருமானத்தில் பள்ளிக்கூடச் செலவைச் சமாளிக்கிற வீடுகள் உண்டு.

பென்குயினுக்கும் சீசன் பொய்க்கும். அதற்கு எல் நினோ என்று பெயர். அப்போது கலபகோஸ் கடல் சூடாகும், அடித்தண்ணீர் மேலே வராது, மீன் போய்விடும். 1982-83 எல் நினோவில் கலபகோஸ் பென்குயின்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அழிந்தன. பனிக்கண்டத்திலும் ஆபத்துதான். 2022இல் அண்டார்டிகாவின் பெலிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் கடல்பனி முன்னதாகவே உடைந்ததால், அங்கிருந்த 5 எம்பரர் கூட்டங்களில் 4 கூட்டங்களின் குஞ்சுகள் பிழைக்கவில்லை. குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைப்பதற்குள் காலடியில் இருந்த பனி போய்விட்டது.

எல்லாவற்றிலும் வருத்தமானது ஆப்பிரிக்கப் பென்குயின் கதை. நூறு வருஷத்துக்கு முன் லட்சக்கணக்கில் இருந்தவை இவை. முட்டையை மனிதர்கள் எடுத்தார்கள். கூடு தோண்ட உதவிய எச்சப் படிவத்தை உரத்துக்காகச் சுரண்டி விற்றார்கள். பிறகு சாளையையும் நெத்திலியையும் பெரிய வலையால் வாரினார்கள். இன்று 10,000 ஜோடிகூட இல்லை. 2024 அக்டோபரில் இது 'மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்' என்று அறிவிக்கப்பட்டது. பென்குயின்களில் இந்த நிலைக்கு வந்த முதல் இனம் இதுதான்.

மனிதன் நினைத்தால் காப்பாற்றவும் முடியும் என்பதற்கும் இதே பறவை சாட்சி. 2000 ஜூன் 23 அன்று கேப்டவுன் அருகே 'ட்ரெஷர்' என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டியது. சுமார் 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுவினார்கள். நனையாத இன்னும் 19,000க்கும் மேற்பட்டவற்றை லாரியில் ஏற்றி, சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி அப்போது போர்ட் எலிசபெத் என்று அழைக்கப்பட்ட ஊர்ப் பக்கம் கடலில் விட்டார்கள். ஏன் தெரியுமா? அவை நீந்தி வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்றுதான்! பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயர் வைத்த மூன்று பென்குயின்களுக்குக் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் மூலம் பின்தொடர்ந்தார்கள். சில வாரங்களில் வழி தவறாமல் வந்து சேர்ந்தன.

2025 மார்ச்சில் இன்னொரு நல்ல செய்தி. தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, முக்கியமான ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி 10 வருஷத்துக்குச் சாளை, நெத்திலியைச் சுருக்குமடி போன்ற வலை போட்டுப் பிடிக்கக் கூடாது. இதற்கு மீன் தொழில் சங்கங்களும் பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் ஒத்துக்கொண்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் 61 நாள் தடை இருக்கிறதே, அதே மாதிரி யோசனைதான். தடை நாளில் மீன் விலை ஏறினால் வீட்டில் திட்டுவோம். ஆனால் அந்த 61 நாள் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மீனே இருக்காது.

முடிவுரை

தென்காசிக்கும் பென்குயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட தோழிகளுக்கு என் பதில் இதுதான். நாம் மேற்கிலிருந்து வரும் ஒரு காற்றை நம்பி வாழ்கிறோம். அவை தெற்கிலிருந்து வரும் ஒரு நீரோட்டத்தை நம்பி வாழ்கின்றன. காற்றும் கடலும் தனித்தனி இல்லை. எல் நினோ வந்தால் பெரும்பாலும் நம் பருவமழையும் குறைகிறது என்று நம் புத்தகத்திலேயே இருக்கிறது. கலபகோஸில் பென்குயினின் சீசனைக் கெடுப்பதும், இங்கே நம் சீசனைக் கெடுக்கக்கூடியதும் ஒரே ஆள்தான்.



– 9ஆம் வகுப்பு 'இ' பிரிவு மாணவி

மூளைக்கு வேலை (விடைகளைத் தாளில் எழுதி நூலகப் பெட்டியில் போடவும்):

1. நிலநடுக்கோட்டில் வாழும் பென்குயின் எது?
2. மழைக்காட்டில் மர வேருக்கு அடியில் கூடு வைக்கும் பென்குயின் எது?
3. நீர்க்காகம் சிறகை விரித்து உட்காருவது ஏன்? பென்குயின் ஏன் அப்படி உட்காருவதில்லை?
4. அட்லஸில் உங்கள் தாத்தா ஊரிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் முதலில் எந்த நிலம் வருகிறது?